ஏரிக்காவலன் சொன்ன மூன்று சரி

முன்னொரு காலத்தில் தும்பையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அப்போது எந்த ராஜா ஆண்டார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ராஜா எங்கோ தூரத்தில் இருந்தார். ஏரி பக்கத்தில் இருந்தது. அதனால் ஊர்க்காரர்கள் ராஜாவுக்குப் பயந்ததைவிட ஏரிக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

பயப்படக் காரணம் இருந்தது.

மேற்கே மலையில் பெய்கிற மழையெல்லாம் ஓடிவந்து அந்த ஏரியில்தான் சேரும். அவ்வளவு தண்ணீரையும் தடுத்து நிறுத்தியது ஒரு மண் கரை. கல் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. முன்னோர்கள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டி, காலால் மிதித்து மிதித்து எழுப்பிய வெறும் மண். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் பள்ளத்தில் ஊர். ஏரி நிறைந்த காலத்தில் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் கரையின் உச்சி தெரியும். அப்படித் தலைக்கு மேலே நிற்கிற தண்ணீருக்குக் கீழேதான் அந்த மக்கள் சோறு ஆக்கினார்கள், பிள்ளை வளர்த்தார்கள், பாய் விரித்துப் படுத்தார்கள்.

மண் கரை என்பது கட்டிவிட்டு மறந்துபோகிற பொருள் அல்ல. அதற்கு வருஷா வருஷம் மூன்று காரியம் செய்ய வேண்டும். கோடையில் ஏரிக்குள் படிந்த வண்டலை வெட்டி எடுத்துக் கரையில் போட்டு மிதிக்க வேண்டும். கரையின் உச்சி எங்கும் பள்ளம் விழாமல் ஒரே மட்டமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, கரையின் வடகோடியில் இருக்கும் கலிங்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கலிங்கு என்றால் என்ன தெரியுமா? ஏரி நிறைந்த பிறகு வருகிற மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்காகக் கல் பாவி விட்டிருக்கும் தாழ்வான இடம். அது அடைபட்டால் தண்ணீர் வேறு வழி தேடும். தண்ணீர் தேடும் வழி மனிதருக்கு நல்ல வழியாக இருக்காது.

இந்த மூன்றையும் கவனிக்க ஊரே கூடி ஒருவரை ஏரிக்காவலனாக வைக்கும். அவர் வீட்டில் ஒரு பெரிய தமுக்கு தொங்கும். அவர் தமுக்கை அடித்தால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு கரைக்கு வந்தாக வேண்டும். வராத வீட்டுக்கு அந்த வருஷம் பாசனத் தண்ணீர் இல்லை. அது ஊர்க் கட்டுப்பாடு.

அந்த வேலை ஒரு காலத்தில் சேந்தன் என்பவனுக்கு வந்தது.

சேந்தன் நல்லவன். எல்லோருக்கும் நல்லவன். யார் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டான். எதிரில் இருப்பவர் மனம் நோகும்படி ஒரு வார்த்தை பேச மாட்டான். "இவனைப்போல ஒருவன் ஊரை ஆண்டால் எப்படி இருக்கும்!" என்று சொல்லித்தான் அவனை ஏரிக்காவலன் ஆக்கினார்கள். அதைக் கேட்டபோது சேந்தனுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அவனுக்குப் பழகிவிட்டது. அது இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

அவன் பொறுப்புக்கு வந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி வற்றி, ஏரிக்குள் ஆடு மேய்ந்தது.

அப்போது முதலாவதாக வெண்காடன் வந்தான். ஊரில் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறவன் அவன்.

"சேந்தா, சந்தைக்குப் போகக் கரையைச் சுற்றிக்கொண்டு மாடு செத்துப் பிழைக்கிறது. ஏரிக்குள் இறங்கிப் போனால் பாதி வழிதான். கரை உச்சியிலே கொஞ்சம் மண்ணை வெட்டித் தாழ்த்திக்கொள்ளட்டுமா? முழங்கால் ஆழம் போதும். மழைக்கு முன்னே மூடிவிடுகிறேன்."

கரையின் உச்சியில் கை வைக்கக் கூடாது என்பது சேந்தனுக்குத் தெரியும். 'கூடாது' என்ற சொல் அவன் நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் வெண்காடன் சிரித்த முகத்தோடு நின்றிருந்தான். அந்த முகம் வாடிப்போகுமே என்று நினைத்ததும் அந்தச் சொல் திரும்பிப் போய்விட்டது.

"சரி" என்றான்.

முழங்கால் ஆழமாக வெட்டிய இடம் வண்டி போகப் போக இடுப்பளவு பள்ளமாயிற்று. வெண்காடன் மூடவில்லை. சேந்தனும் கேட்கவில்லை.

இரண்டாவதாக, கோடை வந்ததும் அரையன் வந்தான். அவன் தெற்குத் தெருவின் பெரிய உழவன். அவன் பின்னால் ஊரில் பாதிப் பேர் வந்தார்கள்.

"ஏரியிலே காக்கை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. இந்த வெயிலிலே எதற்கய்யா மண் சுமக்க வேண்டும்? தேர்த் திருவிழா வேறு வருகிறது. இந்த வருஷம் விட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் சேர்த்துப் போட்டுவிடுவோம்."

வெயிலில் கரை வெடித்துக் கிடப்பதைச் சேந்தன் பார்த்திருந்தான். சில வெடிப்புகளில் கையே நுழையும். எலி வளைகளும் பெருகியிருந்தன. அதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தான். எத்தனை முகங்கள்! அத்தனையும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சரி" என்றான்.

"எங்கள் சேந்தன் தங்கமான மனுஷன்!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. தேரன்று அவனுக்கு முதல் மாலை போட்டார்கள். அடுத்த கோடையிலும் ஏரி வறண்டே கிடந்தது. அப்போதும் வந்து கேட்டார்கள். அப்போதும் அதே பதில்தான்.

மூன்றாவதாக வந்தவள் அவன் தங்கை.

அவள் பெயர் கொற்றி. வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் காய்ச்சலில் போய்விட, இரண்டு பெண் குழந்தைகளோடு பிறந்த ஊருக்குத் திரும்பியிருந்தாள். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள். அண்ணன் மனைவி நங்கைக்கும் அவளுக்கும் அடுப்படியில் ஒத்துப்போகவில்லை.

"அண்ணா, எனக்கென்று ஒரு குடிசை போட்டுக்கொள்கிறேன். கலிங்குக்குக் கீழே சமமான தரை சும்மாதானே கிடக்கிறது? கிணறும் பக்கத்திலே. அங்கே போட்டுக்கொள்ளட்டுமா?"

இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சேந்தனுக்கு ஊரின் கிழக்கே ஒரு மேட்டு நிலம் இருந்தது. பாதுகாப்பான மேடு. அதை நங்கை களத்துமேடாக வைத்திருந்தாள். அதில் பாதியைத் தங்கைக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் நங்கை சண்டை பிடிப்பாள். கொடுக்காவிட்டால் தங்கை அழுவாள். கலிங்குத் தரையோ ஊருக்குச் சொந்தம். அதைக் கொடுத்தால் யாரும் அழ மாட்டார்கள், யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

"அது வெள்ளம் போகிற வழியாயிற்றே" என்று மட்டும் மெல்ல முனகினான்.

"வெள்ளமா?" என்று சிரித்தாள் கொற்றி. "குடிக்கவே தண்ணீர் இல்லை. ஆபத்து என்றால் நீ சொல்ல மாட்டாயா, அண்ணா? நீதானே ஏரிக்காவலன்."

"சரி" என்றான் சேந்தன்.

தங்கையின் வீட்டுக்குள் என்றாவது தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று, கலிங்கின் வாயை அவனே களிமண்ணால் அடைத்தான். தங்கைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

இப்படி மூன்று சரி சொல்லி முடித்தான். ஊரில் ஒருவருக்கும் அவன்மேல் வருத்தம் இல்லை. ஆனால் சேந்தனுக்கு மட்டும் தூக்கம் கெட்டது. வானத்தில் ஒரு மேகம் கறுத்தால் அவன் முகமும் கறுக்கும். மேகம் கலைந்தால் மூச்சு வரும். ஏரியைக் காக்க வேண்டியவன், மழை வரக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டான். உழவர் ஊரில் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறவன் எவ்வளவு பெரிய பாவி என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

ஐப்பசியில் மழை வந்தது.

முதலில் எல்லோரும் கொண்டாடினார்கள். குழந்தைகள் தெருவில் ஆடினார்கள். ஏரியில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்க ஊரே கரைமேல் நின்றது. சேந்தனும் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் கைகள் மட்டும் வேட்டியின் முனையை முறுக்கிக்கொண்டே இருந்தன.

மழை விடவில்லை. மலைப்பக்கம் கறுத்தது கறுத்தபடியே நின்றது. ஏரி பாதி நிறைந்தது. பிறகு முக்கால் நிறைந்தது. ஒருநாள் விடியும்போது தண்ணீர் கலிங்கின் மட்டத்தையும் தாண்டி, சேந்தன் வைத்த களிமண் அடைப்பை முட்டிக்கொண்டிருந்தது. வழிய வேண்டிய தண்ணீர் வழியவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

சேந்தன் கரைமேல் ஓடினான். வெண்காடனின் வண்டிப்பாதைக்கு வந்ததும் அவன் கால்கள் நின்றுவிட்டன. பள்ளத்தின் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. மண் கரையின்மேல் தண்ணீர் ஒருமுறை வழிய ஆரம்பித்தால் அதற்குப் பிறகு நிறுத்த முடியாது. வழிகிற தண்ணீர் மண்ணை அரிக்கும். அரிக்க அரிக்க வழி பெரிதாகும். ஒரு பானைச் சோறு வேகிற நேரத்துக்குள் கரை இருக்காது. கீழே ஊரும் இருக்காது.

அவன் வெண்காடன் வீட்டுக்கு ஓடினான்.

"அண்ணே, அந்தப் பாதையைக் கொஞ்சம் மூடினால் நல்லது. முடிந்தால்... தொந்தரவு இல்லையென்றால்..."

வெண்காடன் செக்கடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "இந்த மழையிலா? ஓயட்டும் சேந்தா. நீ எப்போதும் பயந்த சுபாவம். உட்கார், சூடாக ஏதாவது குடி."

சேந்தன் அரையன் வீட்டுக்கு ஓடினான்.

"கரை இளகிப்போயிருக்கிறது. நாலு பேர் வந்தால் உதவியாக இருக்கும். வேலை இருந்தால் பரவாயில்லை..."

"இரண்டு வருஷம் மண் வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றான் அரையன். "அப்படியானால் கரை பலமாகத்தானே இருக்கிறது? எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. முதலில் அதைப் பார்க்கிறேன்."

பாருங்கள், ஒருநாளும் கடுமையாகப் பேசாதவன் 'ஆபத்து' என்றால்கூட அது ஆபத்தாக யார் காதிலும் விழவில்லை.

கடைசியாகத் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றான். குழந்தைகள் உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தன. புது மண் சுவர், புதுக் கீற்று. கொற்றி சுவரில் கோலம்கூடப் போட்டிருந்தாள்.

"நனைந்துவிட்டாயே, அண்ணா" என்று கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதைக் குடித்தான். சொல்ல வந்ததை அந்தக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கினான். திரும்பி நடந்தான்.

கரையின் வெளிப்பக்க அடிவாரம் வழியாக அவன் வந்தபோது ஓர் இடத்தில் கால் சொதசொதவென்று இறங்கியது. குனிந்து பார்த்தான். கரையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நிறைந்த ஏரியின் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த நீராகக் கசிந்தால் பயமில்லை. சேந்தன் அதை அள்ளிப் பார்த்தான்.

செம்மண் குழம்பாக இருந்தது.

கரை உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருந்தது.

அவன் எழுந்து ஊரைப் பார்த்தான். கூரைகளிலிருந்து புகை கசிந்தது. யாரோ மாட்டை அதட்டினார்கள். ஒரு குழந்தை அழுதது, யாரோ தூக்கியிருக்க வேண்டும், உடனே ஓய்ந்தது. அவர்களில் ஒருவர் முகம் வாடுவதையும் பார்க்கப் பொறுக்காதவன்தான் சேந்தன். அத்தனை முகங்களும் தண்ணீருக்கடியில் கிடப்பது போல் அவனுக்குத் தோன்றியது.

அவன் வீட்டுக்கு ஓடினான். தமுக்கைக் கழற்றினான். "இந்த மழையில் ஊரைக் கூப்பிட்டால் திட்டுவார்களே!" என்றாள் நங்கை.

"திட்டட்டும்" என்றான்.

தெருவில் நின்று அடித்தான். தும்பையூரில் அந்தத் தமுக்கின் ஒலி கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. முதலில் யாருக்கும் புரியவில்லை. அவன் நிறுத்தாமல் அடித்தான். கதவுகள் திறந்தன. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கோபமாகத்தான் வந்தார்கள்.

"என்ன சேந்தா இது, பைத்தியமா உனக்கு?"

சேந்தன் எல்லோரையும் பார்த்தான். எத்தனை முகங்கள்! ஒன்றிலும் சிரிப்பில்லை. அவன் வாழ்நாளெல்லாம் எதற்குப் பயந்தானோ அது அவன் எதிரே வந்து நின்றது. வயிறு கலங்கியது. கலங்கியபடியே வாயைத் திறந்தான்.

"கரை உள்ளே கரைகிறது. குழம்புத் தண்ணீர் வருகிறது. இன்றைக்கு மாலைக்குள் ஊர் போய்விடும். வெண்காடா, உன் வண்டியில் எள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வா. நீ வெட்டிய பள்ளத்தை அதைப் போட்டுத்தான் அடைக்க வேண்டும்."

"எள்ளா? அது என் ஒரு வருஷத்து உழைப்பு, சேந்தா!"

"தெரியும். கொண்டு வா."

"மண் மூட்டை கட்டிப் போட்டால் என்ன?"

"கட்டுவதற்கு நேரம் இல்லை. உன் மூட்டைகள் கட்டித் தயாராக இருக்கின்றன. கொண்டு வா."

வெண்காடன் அவனை முறைத்தான். சேந்தன் கண்ணை எடுக்கவில்லை. அந்த மனிதனின் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து ஊரார் கேட்டதில்லை. வெண்காடன் திரும்பி மாட்டை அவிழ்க்கப் போனான்.

"அரையா, ஆட்களைக் கூட்டிக்கொண்டு கரை அடிவாரத்துக் கசிவுக்குப் போ. அதை அடைக்காதீர்கள், அடைத்தால் வேறு பக்கம் உடைக்கும். வைக்கோலைப் பரப்பி, மணலைக் கொட்டி, மேலே கல்லை ஏற்றுங்கள். தண்ணீர் வரட்டும், மண் வரக் கூடாது."

"என் வீட்டுக் கூரை..."

"கரை போனால் கூரைக்கு அடியில் யார் இருப்பார்கள்? போ!"

அரையன் போனான். பெண்கள் வைக்கோல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

இரண்டு காரியம் ஆயிற்று. ஆனால் இவை இரண்டும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஏரி ஏறிக்கொண்டேதான் இருந்தது. தண்ணீர் போக வழி திறந்தாக வேண்டும். அந்த வழியில் கோலம் போட்ட ஒரு வீடு இருந்தது.

சேந்தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொற்றியின் வீட்டுக்குப் போனான்.

அவன் தோளில் மண்வெட்டியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கலிங்கைத் திறக்கப் போகிறாயா?"

"ஆமாம்."

"என் வீடு?"

"போய்விடும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கோயில் மேட்டுக்குப் போ, அம்மா."

அவள் அழுவாள் என்று அவன் நினைத்திருந்தான். அழுகைக்குத்தான் தயாராகி வந்திருந்தான். அவள் அழவில்லை.

"அன்றைக்கு நான் கேட்டபோது உனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

சேந்தன் தலையைக் குனிந்தான்.

"தெரியும் இல்லையா? 'கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன். நாலு நாள் உன்மேல் கோபமாக இருந்திருப்பேன். அப்புறம் வேறு இடத்தில் கட்டியிருப்பேன். உன் சரியை நம்பித்தானே, அண்ணா, இங்கே சுவர் வைத்தேன்? இந்த மண்ணை நானும் இந்தக் குழந்தைகளும் குழைத்தோமே!"



"போ. போய் வெட்டு" என்றாள் கொற்றி. "நீயே வெட்டு. வேறு யாரையும் வெட்டச் சொல்லாதே."

ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு குழந்தையைத் தோளில் போட்டு, மற்றொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சேந்தன் தான் அடைத்த களிமண்ணைத் தானே வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் அழுதான். கடைசிக் கட்டி பெயர்ந்ததும் தண்ணீர் அவனைத் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டுக் கலிங்கின் கல்லின்மேல் பாய்ந்தது. கொற்றியின் வீட்டுச் சுவர் முதலில் நனைந்தது, பிறகு குனிந்தது, பிறகு இல்லை. கீற்றுக் கூரை மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போவது தெரிந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. ஏரிக்குள் வருகிற தண்ணீர் அதிகமா, போகிற தண்ணீர் அதிகமா, யாருக்குத் தெரியும்? சேந்தன் கரையோரம் தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டான். ஊர் வேலை செய்துகொண்டே அந்தக் குச்சியைப் பார்த்தது.

தண்ணீர் குச்சியைத் தாண்டி ஏறியது. வெண்காடனின் எள் மூட்டைகளை நக்கியது. வெண்காடன் அந்த மூட்டைகளின்மேல் தானே ஏறி நின்று களிமண்ணை அப்பினான். கசிவு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் கரையின் வெளிச்சரிவு ஒரு வண்டி அளவுக்குத் தொப்பென்று சரிந்தது. பெண்கள் கத்தினார்கள். சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் ஆரம்பித்தார்கள்.

"ஓடாதீர்கள்!" என்று கத்தினான் சேந்தன். "எல்லோரும் ஓடினால் யாரும் பிழைக்க மாட்டோம். குழந்தைகளையும் முடியாதவர்களையும் மட்டும் கோயில் மேட்டுக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் கல்லைத் தூக்குங்கள்!"

அவர்கள் நின்றார்கள். கல்லைத் தூக்கினார்கள். கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்ப்பதும், குச்சியைப் பார்ப்பதும், வானத்தைப் பார்ப்பதுமாக அந்தப் பகல் போயிற்று.

பிற்பகலில் அரையன் கசிவுத் தண்ணீரை அள்ளினான். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான். தன் கண்ணை நம்பாமல் பக்கத்திலிருந்தவளிடம் காட்டினான். அவன் உள்ளங்கையின் ரேகை தண்ணீருக்குள் தெரிந்தது. தெளிந்துவிட்டது.

சற்று நேரத்தில் குச்சியின் அடியில் ஈர மண் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. இருந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்தார்கள். சிலர் அழுதார்கள். சேந்தனுக்கு யாரும் மாலை போடவில்லை. ஊர் அழியவிருந்ததற்கும் அவன்தான் காரணம், ஊர் பிழைத்ததற்கும் அவன்தான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படிப்பட்டவனை என்ன சொல்வது என்று ஊருக்குத் தெரியவில்லை.

சேந்தன் வீட்டுக்குப் போய் நங்கையிடம் சொன்னான்: "களத்துமேட்டில் பாதியைக் கொற்றிக்குக் கொடுக்கப் போகிறேன்."

"கதிரடிக்க எங்கே போவது?" என்று சீறினாள் நங்கை.

"மீதிப் பாதியில் அடிப்போம். அது போதாவிட்டால் சிரமப்படுவோம். உனக்கு என்மேல் கோபம் இருக்கட்டும். அன்றைக்கே இதைச் செய்திருக்க வேண்டும். உன் கோபத்துக்குப் பயந்து ஊரின் சொத்தை எடுத்துக் கொடுத்தேன்."

நங்கை அன்று முழுவதும் பேசவில்லை. மழை விட்டு, மேட்டில் சுவர் வைக்க மண் குழைத்தபோது அவளும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

கொற்றி புது வீட்டில் குடியேறினாள். நிலத்தை வாங்கிக்கொண்டாள், அண்ணனோடு மட்டும் பேசவில்லை. அவன் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். சேந்தனுக்கு அது பெரிய வலி. ஆனால் அந்த வலியைப் போக்கிக்கொள்வதற்காக அவன் அவளிடம் போய்க் கெஞ்சவில்லை. அவளுக்குக் கோபப்பட உரிமை உண்டு என்று விட்டுவிட்டான்.

கோடை வந்தது. ஏரிக்காவலன் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சேந்தன் கேட்டான். ஊர் கூடிப் பேசியது. "அவன் முன்போல இனிமையாக இல்லை" என்றார்கள் சிலர். "அதனால்தான் அவன் இருக்கட்டும் என்கிறேன்" என்றான் வெண்காடன். எள் முழுவதையும் இழந்தவன் சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மண் சுமக்கும் நாளில் சேந்தன் தமுக்கை அடித்தான். வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். வெயில் கொளுத்தியது. முணுமுணுப்பு இருந்தது. ஒருவன் தன் மாட்டுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வருகிறேன் என்றான். "கூடாது, மாட்டுக்கு மருந்து வைத்துவிட்டு உச்சிப்பொழுதுக்குள் வா" என்றான் சேந்தன். சொல்லும்போது இன்னும் அவன் வயிறு கலங்கத்தான் செய்தது. அது கடைசி வரைக்கும் போகவில்லை. கலங்கிக்கொண்டே சொல்லப் பழகியிருந்தான்.

கொற்றியும் தன் வீட்டுக்கு ஆளாகக் கூடையோடு வந்திருந்தாள். கரை சரிந்த இடத்தில் மண்ணைக் கொட்டினாள். அதன்மேல் ஏறி நின்று காலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, இங்கே மண் இறுகவில்லை. மெத்தென்று இருக்கிறது. எல்லோரையும் திரும்ப வந்து மிதிக்கச் சொல்."

வேலை முடிந்ததென்று கூடையைக் கவிழ்த்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்த கூட்டம் சலித்துக்கொண்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றது ஒரு குரல்.

"இன்றைக்கே" என்றான் சேந்தன்.

எல்லோரும் எழுந்து வந்தார்கள். சேந்தன் ஒரு கோடியிலும் கொற்றி மறு கோடியிலும் நிற்க, மண் கல்லாகும் வரை மிதித்தார்கள்.

இதனால் நீங்கள் அறிய வேண்டியது இதுதான்: பொறுப்பில் இருப்பவன், பிறர் முகம் வாடுமே என்று 'கூடாது' சொல்ல வேண்டிய இடத்தில் 'சரி' சொன்னால், அதன் துன்பம் அவனை நம்பியவர்கள் தலையில்தான் வந்து விடியும்.